சுவடுண்ணி யாருக்குச் சொந்தம்?

சுவடுண்ணி, பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுக்காக நான் கற்பனை செய்த ஓர் உயிரினம். அது பிறந்தது ஒரு ரப்பரிலிருந்து. அன்று இரவு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி விளையாட்டை நடத்துகிறவர். மற்ற நான்கு பேரின் கதாபாத்திரங்களும் பாழடைந்த நிலத்தடிக் கோட்டை ஒன்றுக்குள் மூன்று மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டம் போட்ட தாளில் வழியை வரைந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு கதவுக்கும் எண், ஒவ்வொரு படிக்கட்டுக்கும் அம்புக்குறி, அத்தனை ஒழுங்கு. "பின்னால் ஏதோ தரையை நக்குகிற சத்தம் கேட்கிறது" என்று சொன்னேன். அப்புறம் அந்தத் தாளை என் பக்கம் இழுத்து, அவர்கள் உள்ளே நுழைந்த வாசலை ரப்பரால் அழித்தேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை ஆண்டுகள் விளையாட்டு நடத்தியதில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்தப் பிடிதான்.

விதி இவ்வளவுதான். சுவடுண்ணி பின்தொடரும் ஒவ்வொரு சுற்றிலும் வரைபடத்தில் ஒரு கட்டம் அழியும். அழிந்த வழியாக எப்படி வந்தோம் என்பது கதாபாத்திரங்களுக்கு நினைவிருக்காது. தாளும் போய்விடுவதால் விளையாடுகிறவர்களுக்கும் திரும்பும் வழி குழம்பிவிடும். உடம்பு கொடுத்தது பிறகுதான். அழுங்கு மாதிரித் தட்டையான உருவம், ஆறு கால், கண் கிடையாது, தன் உடம்பின் நீளத்துக்கு நாக்கு. பெயர் தானாக வந்தது. சுவட்டை உண்பது, உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டே வருவதும்கூட.

இதையும் வேறு எட்டு உயிரினங்களையும் சேர்த்து 24 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் வெளியிட்டேன். சிலர் வாங்கினார்கள், சிலர் கடிதம் எழுதினார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் வெளியிட்ட சாகசம் ஒன்றை, அதாவது மேசையில் ஆடுவதற்கான கதை ஒன்றை, படித்துக்கொண்டிருந்தேன். அதில் சாம்பல் நிற விட்டில் கூட்டம் ஒன்று வருகிறது. அவற்றின் சிறகிலிருந்து தூசி உதிர்கிறது. தூசி படும் ஒவ்வொரு சுற்றிலும் வரைபடத்தில் ஓர் அறையை அழித்துவிடச் சொல்கிறது விதி.

படித்ததும் காது சூடாகிவிட்டது. என் ரப்பரை எடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அன்றைக்கே கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால், வழக்கறிஞராக இருக்கும் ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. "ரெண்டு பிரதியையும் எடுத்துட்டு வா. அவங்க எடுத்த உன் வாக்கியம் எதுன்னு காட்டு" என்றார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலோடு உட்கார்ந்தோம். என்னுடையது ஊர்வது, அவர்களுடையது பறப்பது. என்னுடையது நக்குகிறது, அவர்களுடையது உதிர்க்கிறது. என்னுடையது கட்டம் கட்டமாக அழிக்கிறது, அவர்களுடையது அறை அறையாக. பெயர், வர்ணனை, படம், எண்கள், எதுவுமே ஒட்டவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் என் பென்சில் எதற்குக் கீழேயும் கோடு போடவில்லை. பொதுவாக மிஞ்சியது ரப்பர் மட்டும்தான். "ரப்பருக்கு உரிமை கிடையாது" என்றார் நண்பர்.

அந்த ஒரு வரி என்னைப் பல மாதம் படிக்க வைத்தது. படித்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன், என்னைப் போல உயிரினங்களை உருவாக்கி மேசைக்குக் கொண்டுவருகிற எல்லோருக்காகவும்.

முதலில் சொல் குழப்பம். காப்புரிமை என்ற ஒரே சொல்லை நாம் காப்பிரைட்டுக்கும் சொல்கிறோம், பேட்டன்டுக்கும் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு உரிமைகள் என்பதால், காப்பிரைட்டை இங்கே பதிப்புரிமை என்றும் பேட்டன்டைப் பேட்டன்ட் என்றுமே எழுதுகிறேன். மூன்றாவதாக டிரேட்மார்க். நாம் கற்பனை செய்யும் ஓர் உயிரினம் இந்த மூன்றில் எதற்குள்ளும் முழுசாக அடங்குவதில்லை.

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே வந்துவிடும். பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் நாடுகளில் பதிவு செய்யாவிட்டாலும் அது உண்டு. ஆனால் எதற்கு உண்டு? உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், எண்ணத்துக்கோ செயல்முறைக்கோ இயங்கும் விதத்துக்கோ கணிதக் கருத்துக்கோ அல்ல. இதன் வேர் பழையது. 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குக் கணக்கு எழுதும் முறை பற்றிய ஒரு புத்தகத்தின் வழக்கு வந்தது. புத்தகத்துக்கு உரிமை உண்டு, அது சொல்லிக்கொடுக்கும் கணக்கு முறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பானது. விளையாட்டு விதிகளும் அந்தக் கணக்கு முறை மாதிரிதான். உயிர்ப்புள்ளி 45, கவசம் 14, ஒரு சுற்றுக்கு இரண்டு தாக்குதல் என்ற வரிகளை யாரும் பூட்டி வைக்க முடியாது. "ஒரு கட்டத்தை அழி" என்பதும் அப்படியே.

இதை இன்னும் நெருக்கமாகத் தொட்ட வழக்கு ஒன்று உண்டு. 'பேங்!' என்ற சீட்டு விளையாட்டின் இத்தாலியப் பதிப்பாளர்கள் அமெரிக்காவில் தொடுத்தது. ஷெரிஃப், கொள்ளைக்காரர்கள், துரோகி என்று அமெரிக்க மேற்குப் பின்னணியில் நடக்கும் அந்த விளையாட்டின் அமைப்பை, பழைய சீனப் பின்னணிக்கு மாற்றி இன்னொரு விளையாட்டு வந்திருந்தது. கதாபாத்திரங்களின் திறமைகள்கூட ஒன்றோடொன்று பொருந்தின. வழக்குத் தொடரலாம் என்று 2014இல் சொன்ன டெக்சஸ் நீதிமன்றம், 2016இல் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கதாபாத்திரம் விளையாட்டில் என்ன செய்யும் என்பது விதியின் பகுதி. பதிப்புரிமை அதற்கு எட்டாது. படிக்கும்போது வலித்தது. ஏனென்றால் நான் சுவடுண்ணியில் நேசித்தது அது என்ன செய்கிறது என்பதை மட்டும்தான்.

பேட்டன்ட் வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டின் முறைக்கு 1997இல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. ஆனால் அதற்கு ஆகும் செலவும் காலமும் ஓர் உயிரினத்துக்குத் தாங்காது. அந்தக் கதவை இங்கேயே மூடிவிடலாம்.

சரி, அப்படியானால் உயிரினத்தை உருவாக்கியவருக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பொதுவான இனத்திடம் இல்லை, தனித்த ஒன்றிடம் இருக்கிறது. 1930இல் லேர்னட் ஹேண்ட் என்ற நீதிபதி நாடகப் பாத்திரங்கள் பற்றி எழுதிய தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு பாத்திரம் எவ்வளவு குறைவாக வளர்க்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு அதற்குப் பாதுகாப்பும் குறைவு என்பது அதன் சாரம். 2015இல் பேட்மேனின் காருக்கே ஒரு கதாபாத்திரத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. எங்கே வந்தாலும் அதே குணங்களோடு அடையாளம் தெரிகிறது, வேறெதையும் போல இல்லை என்பதுதான் காரணம். வண்டிக்கே உண்டென்றால் வால் முளைத்த ஒன்றுக்கும் உண்டு. நான் சுவடுண்ணிக்குக் கொடுத்திருந்ததோ பன்னிரண்டு வரி. அது எங்கே தூங்கும், விழுங்கிய சுவடுகள் என்னவாகும், எதைக் கண்டால் அஞ்சும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த வரிகள் என்னுடையவையாக இருந்திருக்கும்.

படத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. சுவடுண்ணியின் படத்தை வரைந்தவர் ஓர் ஓவியர். பேசிய தொகையைக் கொடுத்தேன், அவர் அனுப்பினார், அட்டையில் போட்டேன். எழுத்தில் எதுவும் இல்லை. பல நாடுகளின் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத, தனியாக வரைந்து கொடுக்கும் ஓவியரின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக்கொடுக்காத வரை அவரிடமே இருக்கிறது. அந்த நாக்கின் வளைவு, முதுகுச் செதிலின் அடுக்கு, என் உயிரினத்தின் முகமே என்னுடையது இல்லை. யாரோ என் படைப்பை எடுத்துவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இன்னொருவருடையதை நான் இரண்டு வருடமாக என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் போய்ப் பேசினேன். இப்போது ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கிறது: படம் அவருடையது, இந்தப் புத்தகத்திலும் அதன் மறுபதிப்புகளிலும் பயன்படுத்த எனக்கு அனுமதி, அவர் பெயர் படத்துக்கு அருகிலேயே. ஓவியருக்குப் பதிலாக ஏஐயிடம் கேட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று சிலர் நினைக்கலாம். 2023இல் ஒரு சித்திரக்கதை விஷயத்தில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் பதிவு கொடுத்தது, ஏஐ உருவாக்கிய படங்களுக்குக் கொடுக்க மறுத்தது. அந்த முகம் அப்போது யாருக்கும் சொந்தமில்லாத முகமாகிவிடும்.

இனி பெயர். மேசை விளையாட்டின் வரலாற்றில் பெயருக்காக நடந்த சண்டைகள் பல. நாங்கள் ஆடும் வகை விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் முதலில் வந்தபோது, அதன் பெட்டியில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கற்பனை உயிரினங்களான ஹாபிட், என்ட், பால்ராக் மூன்றும் இருந்தன. டோல்கீன் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்த பிறகு, 1970களின் பிற்பகுதியில் ஹாபிட் ஹாஃப்ளிங் ஆனது, என்ட் டிரீயன்ட் ஆனது, பால்ராக் இருந்த இடத்துக்குப் பிற்பாடு பேலார் வந்தது. ஹாபிட்டின் குள்ள உருவமும் பதுங்கிப் போகும் சாமர்த்தியமும் அப்படியே தொடர்ந்தன. டோல்கீன் கதைகளில் வரும் ஓர்க் என்ற அரக்க இனத்தின் பெயர் மட்டும் தப்பியது. அது பழைய ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த சொல். வேதாளத்தை யாரும் தன் பெயரில் பதிந்துகொள்ள முடியாது என்பது போலத்தான்.

அப்புறம் அந்த விளையாட்டின் சொந்த உயிரினங்கள். அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோது என் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆந்தைத் தலை கொண்ட கரடி, இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூச்சி, தரைக்குள்ளிருந்து பாயும் புலெட், இந்த மூன்றும் ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பையிலிருந்து வந்தவை. சுண்டுவிரல் அளவு பொம்மைகளை மேசையில் வைத்து, இது என்ன செய்யும் என்று அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸும் கூட்டாளிகளும் யோசித்திருக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு அச்சு வார்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. தோளிலிருந்து இரண்டு உணர்கொம்பு நீளும் கறுப்புப் பூனை, டிஸ்பிளேசர் பீஸ்ட், ஏ. இ. வான் வோக்ட் 1939இல் எழுதிய ஒரு சிறுகதையின் விலங்கைப் பார்த்து வந்தது. கித்யாங்கி என்ற இனத்தை உருவாக்கியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ்; அப்போது பதின்பருவத்தில் இருந்தார். பெயரை அவர் எடுத்தது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1977இல் வெளியிட்ட நாவலிலிருந்து. 1981இல் அது விளையாட்டின் உயிரினத் தொகுப்பு ஒன்றில் ஏறியது.

இப்போது அதே பட்டியலை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். 2000இல் அந்த விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டு, தன் விதிகளை வைத்து யாரும் புத்தகம் போடலாம் என்றது. ஆனால் சில பெயர்களைத் தனியே எடுத்து, இவை எங்கள் தயாரிப்பின் அடையாளம், தொடக் கூடாது என்று ஒதுக்கியது. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், அம்பர் ஹல்க், யுவான்-டி ஆகிய உயிரினங்களோடு டிஸ்பிளேசர் பீஸ்டும் கித்யாங்கியும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆந்தைக்கரடியும் துருப்பூச்சியும் வெளியே, எல்லோருக்கும் பொதுவாக. முன்னோர் யார் என்று நன்றாகத் தெரிந்த இரண்டு விலங்குகள் வேலிக்குள்ளே, பெயர் தெரியாத பொம்மைக்குப் பிறந்தவை வேலிக்கு வெளியே.

இந்த வேலி சட்டத்தால் ஆனதல்ல, ஒப்பந்தத்தால் ஆனது என்பதை நான் வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். உரிமத்தை ஏற்றுக்கொள்கிறவர், ஒதுக்கப்பட்ட பெயர்களைப் பயன்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். சட்டம் அவருக்கு விட்டுவைத்திருக்கக்கூடிய இடத்தைக்கூட அவர் தானாக எழுதிக்கொடுத்துவிடுகிறார். விதிகளுக்குத்தான் பதிப்புரிமை இல்லையே, பிறகு உரிமம் எதற்கு என்று கேட்கலாம். விதி எங்கே முடிகிறது, அதை விளக்கும் வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்கச் சிறிய பதிப்பாளருக்கு வசதி இல்லை. அந்த அச்சத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது, அதற்கு விலையாகச் சில பெயர்கள். நியாயமான பேரம் என்றுதான் இருபது வருடங்களுக்கு மேல் பலரும் நினைத்தார்கள். ஜனவரி 2023இல் அந்த உரிமத்தையே மாற்றும் வரைவு வெளியே கசிந்தபோது, தங்கள் உயிரினங்கள் எல்லாம் வேறொருவர் நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு பெரிதாக, அதே மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும், திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. ஆனாலும் அந்தப் பழைய உரிமத்தின் கீழ் விளையாட்டு வெளியிட்டுவந்த பைசோ நிறுவனம் காத்திருக்கவில்லை. தன் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டைத் திருத்தி, நிறத்தாலும் உலோகத்தாலும் பிரித்த பழைய டிராகன்களை விட்டுவிட்டு, புதிய டிராகன் குலங்களை உருவாக்கியது. டிராகன் என்ற விலங்கு எல்லோருக்கும் பொது. எந்த நிறம் எதை உமிழும், எந்த நிறம் நல்லது, எது கெட்டது என்ற அந்த வகைப்பாடு வேறொருவரின் கைவேலை. அந்த வேறுபாட்டை மதித்து, தாங்களே புதிதாக யோசித்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பொதுச் சொல்லையே நம்பி உயிரினம் வளர்த்தவர்களுக்கு நேர்ந்தது, சிறு பொம்மைகளை வைத்து ஆடும் 'வார்ஹாமர்' விளையாட்டின் கதை. கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் தன் சிறு பொம்மைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து விற்ற சாப்டர்ஹவுஸ் என்ற சிறிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2013இல் சிகாகோவில் நடுவர் குழு சில கோரிக்கைகளை ஏற்றது, பலவற்றை நிராகரித்தது. நஷ்ட ஈடு 25,000 டாலர். அதற்கடுத்த ஆண்டுகளில் வந்த புத்தகங்களில் எல்ஃப் ஏல்ஃப் ஆனது, ஓர்க் ஓர்ரக் ஆனது, ஓகர் ஓகோர் ஆனது. அகராதியில் இருக்கும் சொல்லை வேலி போட முடியாது என்பதால் இந்த மாற்றம் என்றே பலரும் பார்க்கிறார்கள். ஓர் எழுத்தைத் திருகி உரிமை கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெயர் அந்த உயிரினத்தின் உள்ளிருந்து வர வேண்டும். நாக்கில் வைத்ததும் அது என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். அப்படிப்பட்ட பெயரை யாரும் தற்செயலாக எட்டுவதில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதுவே பாதிக் காவல். புத்தகத்துக்குள் வரும் ஒரு பெயர் தானாக டிரேட்மார்க் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துப் பொருள் விற்று, பார்த்ததும் இன்னாருடையது என்று வாங்குகிறவர் அறிந்தால்தான் அது டிரேட்மார்க்.

இவ்வளவையும் படித்த பிறகு, சுவடுண்ணியின் வர்ணனையையும் விதியையும் பெயர் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்துவிட்டேன். முன்பு பன்னிரண்டு வரியாக இருந்தது இப்போது மூன்று பக்கம். அது நனைந்த கல்லில்தான் தூங்கும். விழுங்கிய சுவடுகளை மழைக்காலத்தில் கக்கும். அப்போது யாரும் நடக்காத பாதைகள் தரையில் தோன்றும். எழுத எழுத, இதை முன்பே செய்யாமல் எதற்காகக் கோபப்பட்டேன் என்று வருத்தமாக இருந்தது.

அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். விட்டில்கள் மிகவும் பிடித்திருந்தன என்றும், எனக்கும் இப்படி ஓர் உயிரினம் உண்டு என்றும், உங்களுக்கு இது எப்படித் தோன்றியது என்று அறிய ஆசை என்றும். பத்து நாளில் பதில் வந்தது. என் புத்தகத்தை அவர் பார்த்ததே இல்லை. சிறு வயதில் அவர் குடியிருந்த வீட்டை இடித்தார்களாம். தெருவில் நின்று பார்த்திருக்கிறார். ஒவ்வோர் அறையாகப் போனது, தலையெல்லாம் சாம்பல் நிறத் தூசி. எல்லாம் முடிந்த பிறகு, எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை இருந்தது என்று அம்மா கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

பென்சிலோடு நாங்கள் உட்கார்ந்த அன்று, கட்டம், அறை என்ற வித்தியாசத்தை ஒரு சின்ன மாற்றமாக நினைத்துத் தள்ளியிருந்தேன்.

போன மாதம் அவருடைய சாகசத்தை எங்கள் மேசையில் நடத்தினேன், ஒரு விதியைக்கூட மாற்றாமல். வரைபடம் வரைந்தவர் அதே ஆள். விட்டில்கள் வந்ததும் என் கை ரப்பரை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டார். எந்த அறை போகட்டும் என்று அவரையே கேட்டேன். வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரே ரப்பரை வாங்கி, அவர்கள் அன்று சாயங்காலம் தங்கிச் சிரித்துப் பேசிய அறையை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து அறையை அழித்தார்.